காருகுறிச்சி தந்த நாயனம்

தென்காசியில் இரயிலேறித் திருநெல்வேலிக்குப் போகும் தோழர்கள், வீரவநல்லூர் தாண்டியதும் சன்னல் வழியே எட்டிப் பாருங்கள். சின்னஞ்சிறு நிலையம். பலகையிலே காருகுறிச்சி என்றிருக்கும். 1921-ல் நாதசுரக் கலைஞர் அருணாசலம் பிறந்த ஊர் அது.

"நாயனக்காரருக்கு நம் ஏட்டில் என்ன வேலை? கோயில்காரர்கள் நினைத்துக்கொள்ளட்டுமே!" என்றார் குத்துக்கல்வலசைத் தோழர் ஒருவர்.

கேட்கட்டும், கேட்க வேண்டியதுதான். ஆனால் தோழரே, கோயில்காரர்கள் அவர்களை எங்கே வைத்திருந்தார்கள்? சாமி பல்லக்கிலே, மேளக்காரர் புழுதியிலே! மங்கல வாத்தியமாம், அது முழங்காமல் தாலி ஏறாதாம். அதை ஊதுகிறவர் மட்டும் பெரிய மனிதர்கள் எதிரே தோள் துண்டை இடுப்பிலே கட்டிக்கொள்ள வேண்டுமாம்! வீணைக்கும் பிடிலுக்கும் சமுக்காளம் விரித்த மேடை. நாயனத்துக்கோ தெருவும் திண்ணையும்.

இதைக் கண்டித்து நாம் மேடையேறிப் பேசினோம். பேசாமலே கண்டித்தவர் திருவாவடுதுறை இராசரத்தினம் பிள்ளை. குடுமியை எடுத்தார், கிராப்பு வைத்தார், கோட்டு அணிந்தார். மற்ற வித்துவான்களைப் போல் எனக்கும் மேடை போடு என்றார். திமிர் பிடித்தவர் என்று தூற்றினார்கள். தூற்றியவர்களே அவர் தோடியைக் கேட்க விடிய விடியக் காத்துக் கிடந்தார்கள்! கருவியையும் அவர் விட்டுவைக்கவில்லை. கீச்சென்று ஒலித்த குட்டைத் திமிரியை ஒதுக்கி, நரசிங்கம்பேட்டை ரங்கநாதன் ஆசாரி கடைந்து கொடுத்த நீண்ட பாரி நாயனத்தை ஏந்தினார். உழைப்பாளித் தோழர்கள் அந்த ஆசாரியின் பெயரையும் மறக்கக் கூடாது. உளி பிடித்த கையில்லாமல் ஏது அந்தக் கார்வை?

அந்த இராசரத்தினம்தான் நெல்லைச் சீமையின் அருணாசலத்தைச் சீடராக ஏற்றார். தஞ்சையிலே இல்லாத பிள்ளைகளா? பரம்பரை பரம்பரையாக ஊதிய குடும்பங்கள் அங்கே எத்தனை! ஆனாலும் பொருநைக்கரைப் பிள்ளையைப் பக்கத்தில் வைத்து உடன் வாசிக்கச் செய்தார். அந்த வாத்தியத்துக்கு அதைவிட நல்ல பள்ளிக்கூடம் கிடையாது. குரு ஒரு பிடியை வாசித்து விடுவார். சீடர் அதே மூச்சில் வாங்கித் தொடர வேண்டும். தவறினால் ஊரே கேட்கும்!

1956 டிசம்பர் 12. குரு மறைந்தார். வயது 58.

இனி அந்த நாதம் எங்கே என்று ஏங்கியவர்கள் அருணாசலத்தின் பக்கம் திரும்பினார்கள். குருவின் வீறு அப்படியே வரவில்லை என்று குறை சொன்னவர்களும் உண்டு. வர வேண்டியதில்லை என்பேன். குருவின் வாசிப்பு காட்டாறு. இவருடையது குற்றாலத்துச் சாரல், நனைவது தெரியாமல் நனைப்பது.

1962-ல் 'கொஞ்சும் சலங்கை' வந்தது. திரையிலே நாயனம் பிடித்தவர் ஜெமினி கணேசன்; ஊதிய மூச்சு அருணாசலத்தினுடையது. எஸ். ஜானகியின் குரலோடு அது போட்டியிட்ட சிங்காரவேலன் பாட்டு, கச்சேரி மண்டபத்தின் வாசற்படியைக் கூட மிதிக்காத பீடித் தொழிலாளியையும் வண்டிக்காரரையும் ஆபேரி ராகத்தை முணுமுணுக்க வைத்தது.

கொட்டகைகளில் அந்தப் பாட்டு ஒலித்துக்கொண்டிருந்த காலத்திலேயே, 1964 ஏப்ரலில், அருணாசலம் போய்விட்டார். குருவுக்குப் பின் அவருக்குக் கிடைத்தவை ஏழு ஆண்டுகளும் சில மாதங்களும்தான். குடியிருந்த கோவில்பட்டியிலே சிலையாக நிற்கிறார்.

சிலைக்கு மாலை போடுவோம், சரி. உங்கள் வீட்டுத் திருமணத்திலே மேளக்காரருக்கு நாற்காலி எங்கே? பந்தி எத்தனையாவது? பேசிய கூலி அன்றைக்கே கைக்கு வருகிறதா, அல்லது "நாளை வாங்கிக்கொள்" தானா?