வீடு மாறிய விலாசம்

விலாசதாரர் குடிமாறிப் போயிருந்தால், மணியார்டரோடு வந்த தபால்காரர் தெருவில் நாலு பேரை விசாரித்துப் பார்த்து, ஆள் அகப்படாதபோது அதை அனுப்பியவருக்கே திருப்பிவிடுவார். பிட்காயின் உலகத்தில் அந்தத் தபால்காரர் உத்தியோகமே கிடையாது.

ஆதியில் ஏற்பட்ட, 1 என்று தொடங்கும் பிட்காயின் விலாசத்தில் பூஜ்யமும், ஆங்கிலப் பெரிய 'ஓ'வும், பெரிய 'ஐ'யும், சின்ன 'எல்'லும் வருவதில்லை. ஒன்றை மற்றொன்றாகக் கண் மயங்கிப் படிக்கும் என்று அவற்றை விலக்கிவிட்டார்கள். அதையும் மீறி ஓர் எழுத்துப் பிசகினால், விலாசத்தின் வாலில் பொதிந்துள்ள சோதனைக் கணக்கு பெரும்பாலும் காட்டிக்கொடுத்துவிடும். இத்தனை ஜாக்கிரதையும் எழுத்துப் பிழைக்குத்தான். பிழையற்றதாயினும் கைவிடப்பட்டுவிட்ட விலாசத்துக்குப் பணம் போவதை எந்தக் கணிதமும் தடுப்பதில்லை.

எக்ஸ்சேஞ்ச் என்று வழங்கும் பரிவர்த்தனை நிலையத்தில் கணக்குத் திறப்பவர், பணம் செலுத்தத் தமக்குத் தரப்படும் விலாசத்தைத் தம்முடையதென்றே நம்பிவிடுகிறார். அதிலுள்ள பணத்தை எடுக்க வேண்டிய இரகசியச் சாவியோ நிலையத்தாரிடம் இருக்கிறது. பிட்காயின் வரவு செலவுப் பேரேடு உலகமெல்லாம் பார்க்கத் திறந்து கிடப்பதால் ஒருவருடைய வரவுகளை அயலார் கோத்துப் பார்க்காதிருக்கவும், 2017-இல் பிட்காயின் விதிகளில் செக்விட் என்ற சீர்திருத்தம் வந்தபின் பரவிய புதுவகை விலாசங்களைக் கைக்கொள்ளவும், களவு நேர்ந்தால் பெட்டகத்தையே மாற்றவும், அவர்கள் விலாசத்தைப் புதுப்பிப்பதுண்டு. பழையதில் விழுவதையும் ஒழுங்காக வரவு வைக்கும் நிலையங்கள் உண்டு. அது அவர்கள் சௌகரியத்தைப் பொறுத்தது.

நியூஸிலாந்தில் கிறைஸ்ட்சர்ச் நகரிலிருந்த கிரிப்டோபியா என்ற நிலையம் 2019 ஜனவரியில் கொள்ளை போயிற்று. செய்தி பரவி, வியாபாரம் நிறுத்தப்பட்ட பிறகும், அதே மாதக் கடைசியில் கள்வர் திரும்பி வந்து, முன்பு துடைத்தெடுத்த விலாசங்கள் பலவற்றிலும் மறுபடியும் பிட்காயின் போன்ற இன்னொரு வகையான ஈதர் நாணயங்களை அள்ளிக்கொண்டு போனார்கள். காலியான பெட்டியில் மறுபடி காசு எப்படி வந்தது? கணினிகளை ஓட்டி நாணயம் ஈட்டும் 'சுரங்க'த் தொழில் செய்வோரில் பலர், தங்கள் கூலி நேரே அந்த விலாசங்களில் போய் விழும்படி என்றோ ஏற்பாடு செய்துவிட்டு, அப்படியொன்று செய்ததையே மறந்துபோயிருந்தார்கள். சாவி கள்வர் கையில் இருப்பதை அறியாத இயந்திரங்கள் கிரமமாகக் கூலியைக் கொண்டுபோய்ப் போட்டுக்கொண்டே இருந்தன.