உஷார்! கார் மேட்டைத் தூக்கிப் பாருங்கள்

மழைக்காலத்தில் ஏற்காட்டுக்குக் காரில் போய்வந்தவர்கள் இன்றைக்கே ஒரு வேலை செய்யுங்கள். முன் இருக்கைகளின் காலடியில் கிடக்கும் ரப்பர் மேட்டை எடுத்து வெளியே போடுங்கள். அடியில் இருக்கும் கார்ப்பெட்டை உள்ளங்கையால் ஓங்கி அழுத்துங்கள். சும்மா தொட்டுப் பார்த்தால் ஏமாந்துவிடுவீர்கள். மேலே காய்ந்திருக்கும், அடியில் உள்ள பஞ்சு ஊறிக் கிடக்கும். அழுத்தியதும் விரல் இடுக்கில் தண்ணீர் கசிகிறதா? கார் எங்கோ ஒழுகுகிறது. எத்தனை நாளாக என்பது அந்தக் காருக்கே வெளிச்சம்.

‘கொஞ்சம் ஈரம்தானே, வெயிலில் நிறுத்தினால் சரியாகிவிடும்’ என்று கதவைச் சாத்திவிட்டுப் போகிறவர்கள்தான் அதிகம். சரியாகாது. அந்தப் பஞ்சு லிட்டர் கணக்கில் தண்ணீரைக் குடித்து வைத்துக்கொள்ளும். மேலே கார்ப்பெட், அதற்கும் மேலே ரப்பர் மேட், காற்றே படாது. அந்தத் தரை வழியாகத்தான் காரின் ஒயரிங் ஓடுகிறது. இருக்கைக்கு அடியில் டார்ச் அடித்தால் மஞ்சள் நிறத்தில் ஒரு கனெக்டர் தெரியும். அது ஏர்பேக், சீட் பெல்ட் சம்பந்தப்பட்டது. பல கார்களில் ஏர்பேக்கை இயக்கும் கண்ட்ரோல் பெட்டியே கியர் லீவருக்குப் பக்கத்தில், தரையை ஒட்டித்தான் இருக்கிறது. ஈரத்தில் அங்கே பச்சைப் பூத்தால் டேஷ்போர்டில் ஏர்பேக் விளக்கு எரியத் தொடங்கும். அந்த விளக்கு எரிந்துகொண்டிருக்கும்போது விபத்து நடந்தால் பை விரியாமலே போகலாம்.

மலைப்பாதையில் ஆபத்து அதைவிடச் சீக்கிரம் வரும். அடிவாரத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகள் ஏறி, சுமார் 1,500 மீட்டர் உயரத்துக்குப் போகிறோம். ஏற ஏறக் கண்ணாடி குளிர்கிறது. உள்ளே நாலு பேர் மூச்சு, கூடவே கார்ப்பெட்டிலிருந்து கிளம்பும் ஈரம். வெளியே மூடுபனி இறங்கியிருக்கும் நேரத்தில் முன்கண்ணாடி உள்பக்கமும் வெள்ளையாகப் பூத்துக்கொள்கிறது. எதிரே பஸ் ஹாரன் அடிப்பது காதில் விழுகிறது, பஸ் கண்ணில் தெரியவில்லை! ஏ.சி.யைப் போட்டு, காற்றை முன்கண்ணாடிக்குத் திருப்பி, வெளிக்காற்று உள்ளே வரும்படி வைத்தால் கண்ணாடி தெளியும். அணைத்த இரண்டு நிமிடத்தில் மறுபடியும் பூக்கிறது என்றால் கார்ப்பெட்டைச் சந்தேகப்படுங்கள்.

‘எங்கள் கார் சேலத்தில் எத்தனை மழை பார்த்துவிட்டது, ஒரு சொட்டு ஒழுகியதில்லையே’ என்பீர்கள். உண்மையாகவே இருக்கலாம். ஆனால் சேலத்தில் ஒழுகாத கார் ஏற்காட்டில் ஒழுகும். முதல் காரணம் சருகு. சேர்வராயன் மலையில் காப்பித் தோட்டம் என்றாலே நிழலுக்குச் சில்வர் ஓக் மரங்கள் நிற்கும். விடுதிகளிலும் அதன் கீழேதான் கார்களை நிறுத்துகிறோம். அதன் இலை அகலமானது அல்ல, பெரணி மாதிரிக் கீறிக் கீறி இருக்கும். எந்தச் சந்திலும் நுழைந்துவிடும். வைப்பருக்கு அடியில் கறுப்பு பிளாஸ்டிக் ஜாலி இருக்கிறதே, அதுதான் அதற்கு வாகான இடம். முன்கண்ணாடியில் விழும் மழையெல்லாம் அந்த ஜாலிக்குள் இறங்கி, இரண்டு ஓரங்களிலும் உள்ள துவாரம் வழியாகக் கீழே போக வேண்டும். சருகு அடைத்தால் தண்ணீர் அங்கேயே தேங்கி மட்டம் ஏறும். பெரும்பாலான கார்களில் ஏ.சி. புளோயர் வெளிக்காற்றை இழுக்கும் வாயும் அங்கேதான் இருக்கிறது. மட்டம் அந்த வாயைத் தொட்டதும், இடதுபக்கம் உட்கார்ந்திருப்பவரின் காலடியில் தண்ணீர்.

இரண்டாவது காரணம் சரிவு. சமதரையில் தண்ணீர் ஒழுங்காக வடிந்துபோகும் கார், மூக்குக் கீழே இருக்கும்படி இரவெல்லாம் சரிவில் நின்றால் வேறு வழியில் வடியும். சன்ரூஃப் வைத்த கார்காரர்கள் இதைக் கட்டாயம் கவனிக்க வேண்டும். சன்ரூஃப் ரப்பர் தண்ணீரை முழுசாகத் தடுக்கும் என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். அப்படி இல்லை. கொஞ்சம் தண்ணீர் உள்ளே வரத்தான் செய்யும். சுற்றியுள்ள வாய்க்காலில் இறங்கி, மூலைகளில் உள்ள குழாய்கள் வழியாகத் தூண்களுக்குள் ஓடி, காருக்கு அடியில் வெளியேறும். முன்பக்கக் குழாய் அடைத்திருந்தால் வாய்க்கால் நிரம்பிக் கிடக்கும். காலையில் கிளம்பி முதல் வளைவு இறக்கத்தில் பிரேக் மிதித்ததும், மேல் விளக்குப் பக்கமிருந்து ஒரு டம்ளர் தண்ணீர் டிரைவர் மடியில் கொட்டும். அந்த நேரத்தில் அவர் கை ஸ்டியரிங்கில் உறுதியாக இருக்குமா?

இதைச் சோதிக்க ஒர்க்‌ஷாப் வேண்டாம். சன்ரூஃபைத் திறந்து, வாய்க்காலின் மூலையில் ஒரு சிறு கப் தண்ணீரை மெதுவாக ஊற்றுங்கள். சில நொடிகளில் அந்தப் பக்கச் சக்கரத்தை ஒட்டித் தரையில் சொட்ட வேண்டும். சொட்டவில்லை என்றால் அடைப்பு. கம்பிரஸர் காற்றை அடித்துவிடாதீர்கள். தூணுக்குள் இருக்கும் குழாய் கழன்றுகொண்டால் மொத்தத் தண்ணீரும் உள்ளே இறங்கும். புல்வெட்டும் மெஷினில் போடும் மெல்லிய நைலான் நரம்பை விட்டு, பதமாகத் தள்ளினால் போதும்.

எங்கே சொட்டுகிறதோ அங்கேதான் ஓட்டை என்று முடிவு கட்டுவதுதான் எல்லாரும் விழும் குழி. பின்விளக்கின் ரப்பர் விட்டுப்போயிருக்கும், தண்ணீர் ஸ்டெப்னி குழியில் நிற்கும். ஆகவே முதலில் எப்போது நனைகிறது என்று பாருங்கள். மழையே இல்லாமல், ஏ.சி. ஓடிய அன்று மட்டும் இடதுபக்கம் நனைந்தால், ஏ.சி. தண்ணீர் வடியும் குழாய் அடைத்திருக்கிறது; சின்ன வேலை. பச்சையாகவோ ரோஸ் நிறத்திலோ பிசுபிசுப்பாக, இனிப்பு வாடையோடு கசிந்தால் அது மழைத் தண்ணீரே அல்ல, ஹீட்டரிலிருந்து வரும் கூலன்ட். அதோடு மலை ஏறினால் இன்ஜின் கொதித்து நிற்கும். வண்டியை எடுக்காதீர்கள்.

மழையில்தான் நனைகிறது என்றால் ஓட்டையை இப்படிப் பிடிக்கலாம். மேட், கார்ப்பெட் ஓரங்களைத் தூக்கி, துடைத்து, நன்றாகக் காயவிடுங்கள். சந்தேகப்படும் இடங்களில் முகப்பவுடரைத் தூவுங்கள். தண்ணீர் ஓடிய தடம் கோடாகத் தெரியும். ஒருவர் டார்ச்சோடு உள்ளே உட்காரட்டும். இன்னொருவர் வெளியே ஹோஸ் பைப்பில் தண்ணீரை வேகமில்லாமல் விடட்டும். கீழிருந்து மேலே வர வேண்டும்: முதலில் கதவின் அடி, பிறகு கண்ணாடி ஓரம், கடைசியில் கூரை. மேலிருந்து ஆரம்பித்தால் எல்லா இடமும் ஒரே நேரத்தில் நனைந்து, எந்த ஓட்டை என்றே தெரியாது. வாட்டர் சர்வீஸ் துப்பாக்கியை இதற்குப் பிடிக்காதீர்கள், நல்ல ரப்பரும் அதற்குத் தாங்காது. சமதரையில் ஒன்றும் தெரியவில்லையா? முன்சக்கரங்கள் கீழே இருக்கும்படி சரிவில் நிறுத்தி மறுபடியும் பாருங்கள். ஒர்க்‌ஷாப்பில் ‘ஒண்ணும் இல்லை சார்’ என்று திருப்பி அனுப்பும் கார்கள் பல, அங்கே தளம் மட்டமாக இருப்பதால்தான் தேறிவிடுகின்றன.

சமீபத்தில் ஸ்பீக்கர் மாற்றினீர்களா, பவர் விண்டோ ரிப்பேர் பார்த்தீர்களா? அந்தக் கதவை முதலில் பாருங்கள். கதவுக்குள் தண்ணீர் இறங்குவது சகஜம். அடியில் உள்ள துவாரங்கள் வழியாக வெளியே போய்விடும். உள்பக்கம் வராமல் தடுக்க ஒரு பிளாஸ்டிக் ஷீட்டைப் பசை வைத்து ஒட்டியிருப்பார்கள். வேலை பார்த்தவர் அதைக் கிழித்துவிட்டு அப்படியே மூடியிருந்தால், ஒவ்வொரு மழையும் உங்கள் கார்ப்பெட்டுக்குத்தான். ஷீட்டைப் புதிதாகப் பியூட்டைல் டேப் வைத்து ஒட்டச் சொல்லுங்கள்.

யாராவது சிலிக்கான் டியூபை எடுத்துக்கொண்டு வந்து ‘சுத்தி அடிச்சு விட்டுடறேன்’ என்றால் அனுப்பிவிடுங்கள். ஓட்டை தெரியாமல் பூசினால் தண்ணீர் வேறு வழி தேடும், வடிகால் துவாரமும் சேர்ந்து அடைபடும். வினிகர் வாடை அடிக்கும் வகை சிலிக்கான் தகரத்தையே அரிக்கும்.

ஓட்டையை அடைத்த பிறகு இருக்கையைக் கழற்றி, கார்ப்பெட்டையும் பஞ்சையும் வெளியே எடுத்துக் காயவைத்தே ஆக வேண்டும். இதை மெக்கானிக்கிடம் விடுங்கள். அந்த மஞ்சள் கனெக்டரை, பேட்டரியைக் கழற்றாமல் யாரும் தொடக்கூடாது.

வீட்டுக் கூரை ஒழுகலை நம்மூர் ஆட்கள் உடனே கவனிப்பார்கள், காரில் மட்டும் வாசனை பாட்டில் மாட்டிச் சமாளிப்பார்கள். ஒன்று தெரிந்துகொள்ளுங்கள்: சாதாரண கார் இன்ஷூரன்ஸ் பாலிசியில் தேய்மானத்துக்கும் மின்கோளாறுக்கும் இழப்பீடு கிடையாது. மாதக்கணக்கில் ஒழுகிக் கெட்டுப்போன ஒயரிங்குக்கு உங்கள் கைக்காசுதான்.