625: மதுரைக்கு வாய்த்த எண்

மதுரைத் தலைமை அஞ்சலகத்தின் பின்கோடு 625001. நாடு முழுவதும் இந்த ஆறிலக்க முறை 1972 ஆகஸ்ட் 15 அன்று நடைமுறைக்கு வந்தது. அதை வகுத்துக் கொடுத்தவர் ஸ்ரீராம் பிகாஜி வேலங்கர். முதல் மூன்று இலக்கங்கள் கடிதங்கள் எந்த வட்டாரத்துக்குப் பிரிந்து போகவேண்டும் என்று சொல்லும். கடைசி மூன்று, பட்டுவாடா செய்யும் அஞ்சலகத்தைச் சொல்லும். மதுரைக்கு 625 கிடைத்தது தற்செயல்தான். ஆனாலும் அது எப்பேர்ப்பட்ட எண்!

625-ஐ 625-ஆல் பெருக்கினால் 3,90,625. கடைசியில் மறுபடியும் 625. இன்னொரு முறை பெருக்கினால் 24,41,40,625. எத்தனை முறை பெருக்கினாலும் அந்த வால் மாறாது. மூன்றிலக்க எண்களில் இந்தக் குணம் உள்ளவை இரண்டே இரண்டு: 625, 376.

காரணம் பக்கத்து எண்ணில் இருக்கிறது. 625-இன் வர்க்கத்திலிருந்து 625-ஐக் கழித்தால் மிஞ்சுவது 625 × 624. முன்னது நான்கு ஐந்துகளின் பெருக்கல். பின்னது 16 × 39. அந்த 16-க்குள் நான்கு இரண்டுகள். ஒவ்வோர் ஐந்தும் ஓர் இரண்டோடு சேர்ந்து பத்தாகிறது. விடை 3,90,000. கடைசி நான்கு இடமும் பூஜ்யம் என்பதால் வர்க்கத்தின் முடிவில் 625 அப்படியே நின்றுவிடுகிறது.

இன்னும் நீட்டலாம். 3,90,625-இன் கடைசி ஐந்து இலக்கங்களான 90625-ஐ எடுத்து வர்க்கம் கண்டால் 821,28,90,625. இப்போது 90625 முழுதும் வாலில் நிற்கிறது. அதற்கு அடுத்தது 890625. இப்படி இடப்பக்கமாக முடிவே இல்லாமல் போய்க்கொண்டே இருக்கலாம். கணக்கில் எனக்கு மிகப் பிடித்த காட்சிகளில் இதுவும் ஒன்று.

625-ஐயும் 376-ஐயும் கூட்டினால் 1001. அது 7 × 11 × 13. பின்கோடுகளை வகுத்துப் பார்க்க இது நல்ல கருவி. 625001 என்பது 625 × 1001-இலிருந்து 624-ஐக் கழித்தது. 1001-ஐ ஏற்கெனவே 7, 11, 13 வகுப்பதால், 624-ஐ மட்டும் சோதித்தால் போதும். அதாவது முன்பாதியிலிருந்து பின்பாதியைக் கழித்தால் வேலை முடிந்தது. 624 = 13 × 48. ஆகவே 625001-ஐயும் 13 மீதியின்றி வகுக்கும். முழுதாகப் பிரித்தால் 13 × 131 × 367. மூன்றும் பகா எண்கள்.

தெப்பக்குளத்துத் தியாகராசர் கல்லூரிக்கு 625009. கழித்தால் 616, அதை 7-உம் வகுக்கும், 11-உம் வகுக்கும். வாடிப்பட்டி 625218: வித்தியாசம் 407, அது 11 × 37. பல்கலை நகர் 625021-க்கு 604 வருகிறது. மூன்றில் எதற்கும் மசியாது. திருமங்கலம் 625706-இல் பின்பாதி பெரியது. அப்போது திருப்பிக் கழிக்கவேண்டும்: 81. அதுவும் மூன்றில் எதனாலும் வகுபடாது, ஆகவே 625706-உம் வகுபடாது.