பேசுறதும் கதைக்கிறதும்

அன்பான தோட்டத்துக் குடும்பத்தினரே,

1977 கலவரத்தின் பின் நம் உறவினர் பலர் வன்னிக்குப் போய்க் கிளிநொச்சி, வவுனியாப் பக்கம் குடியேறினார்கள். அங்கே வளர்ந்த பிள்ளைகளோடு இப்போது வாட்ஸ்அப்பில் எழுதிக்கொள்கிறோம். இதில் ஒரு சொல்லைக் கவனிக்க வேண்டும்.

"லீவுக்கு வர்றியா?" என்று நாம் கேட்க, "அம்மா பேசுவா" என்று பதில் வரலாம். அம்மா போன் எடுப்பார் என்று காத்திருப்போம், எடுக்காவிட்டால் மனஸ்தாபம். ஆனால் வன்னியில் "பேசுறது" என்றால் ஏசுறது. நாம் பேசுவதை அவர்கள் "கதைக்கிறது" என்பார்கள். "மாமா பேசுவாரு" என்று நாம் எழுதினால் பிள்ளை பயந்துபோகும். தாயைப் "பேசுவா" என்பதும் அங்கே மரியாதைக் குறைவல்ல.

எழுத்தில் முகமும் குரலும் தெரியாது. ஆகவே கோபப்படுமுன் போன் எடுத்து, "என்னம்மா சொல்ற?" என்று கேளுங்கள். ஒரு சொல்லுக்காக உறவை விட்டுவிடாதீர்கள்.