நீள்வட்டப் பந்தும் இலங்கை அணியும்

கொழும்பிலிருந்து திருகோணமலைக்குச் செல்லும் நெடுஞ்சாலை கந்தளாய்க் குளத்தை அண்டிச் செல்கிறது. மாலை வேளையில் அவ்வழியே போவோர், அறுவடை முடிந்த வயலிலே சிறுவர் துடுப்பாட்டம் ஆடுவதைக் காண்பர். வலை கட்டிக் கரப்பந்தாட்டம் ஆடுவதையும் காண்பர். இரு முனையும் கூம்பிய நீள்வட்டப் பந்தை மார்போடு அணைத்துக்கொண்டு ஓடுவோரைக் காண்பது அரிது. ஆயினும் றக்பி எனப்படும் அவ்வாட்டத்தில் இலங்கையின் பெயர் தாங்கி ஆடும் அணி நூறாண்டுக்கு மேலாக இருந்து வருகிறது. பெயரளவில் அது நாடு முழுவதற்கும் உரிய அணி. நாட்டின் பெரும்பகுதிக்கோ அது அயலார் அணி போன்றது. இந்நிலை எவ்வாறு வந்தது என்பதை அறிய, ஆட்டத்தின் இயல்பையும் அது இத்தீவில் இறங்கிய வழியையும் அறிதல் வேண்டும்.

உதைபந்தாட்டம் மட்டும் பழகிய கண்ணுக்கு றக்பி வெறும் கைகலப்பாகவே தோன்றும். உண்மையில் அவ்வாட்டம் முழுவதும் ஒரே விதியின்மேல் நிற்கிறது. பந்தை ஏந்தி முன்னே ஓடலாம். காலால் முன்னே உதைக்கலாம். கையால் தோழனுக்கு எறியும்போது மட்டும் முன்னோக்கி எறியலாகாது. ஆகவே முன்னேற விரும்புகிறவன் தனக்குப் பின்னே வருகிறவனை நம்பியே ஓட வேண்டியிருக்கிறது. அணிக்குப் பதினைந்து பேர். அவர்களுள் எண்மர் உடற்கட்டு மிக்கவர்கள். எதிரணி எண்மரோடு தோள் பொருத்தித் தள்ளிப் பந்தை வெல்லும் முட்டுதலுக்கு ‘ஸ்க்ரம்’ என்று பெயர். எஞ்சிய எழுவர் விரைந்து ஓடுவோர். எதிரியின் எல்லைக் கோட்டுக்கு அப்பால் பந்தைத் தரையில் பதித்தால் அது ‘ட்ரை’. 1971 வரை அதற்கு 3 புள்ளிகளே கொடுத்தார்கள். பின்னர் 4 ஆயிற்று. 1992 முதல் 5.

இலங்கைக்கு இவ்வாட்டம் ஆங்கிலேயரோடு வந்தது. 1879-இல் கொழும்பில் முதற் கழகம் தோன்றியது. வணிக நிறுவனத்தாரும் மலைநாட்டுத் தோட்டத் துரைமாரும் தம் பொழுதுபோக்கிற்காக ஆடினர். அணி வெளிநாட்டாரைச் சந்தித்ததற்குக் காரணம் கப்பல் வழியே. 1907-இல் நியூசீலாந்து வீரர் குழு ஒன்று இங்கிலாந்துக்குப் போகும் வழியில் கொழும்பில் தங்கி இலங்கை அணியோடு மோதியது. கப்பல் தங்காவிட்டால் ஆட்டமும் இல்லை. அடுத்த ஆண்டு, 1908-இல், இலங்கை றக்பிச் சங்கம் அமைந்தது. இலங்கை அணி என்று அந்நாளில் சொல்லப்பட்டது பெரும்பாலும் இங்கே பணிபுரிய வந்த ஆங்கிலேயரின் அணியே. அவர்களுடைய கழகங்களில் இந்நாட்டாருக்கு இடமில்லாதிருந்தமையால், 1922-இல் இலங்கையர் தமக்கென ஒரு றக்பிக் கழகத்தைத் தொடங்கினர். இன்று சீ.ஆர். கழகம் என்று வழங்குவது அதுவே.

1950-இல் பிரித்தானியத் தீவுகளின் தேர்ந்த வீரர்களைக் கொண்ட ‘லயன்ஸ்’ அணி, நியூசீலாந்திலும் அவுஸ்திரேலியாவிலும் ஆடிவிட்டுத் தாயகம் திரும்புகையில் கொழும்பில் இறங்கியது. அன்று அது 44க்கு 6 என வென்றது. ட்ரைக்கு 3 புள்ளிகள் இருந்த காலத்துக் கணக்கு இது. இன்றைய கணக்கில் இடைவெளி இன்னும் அகலும். எனினும் இலங்கை அணியில் அந்நாள் ஆடிய ஒருவரைத் தமிழ் நேயர்கள் அறிந்திருத்தல் நன்று. அவர் சும்மா நவரத்தினம். கொழும்பு றோயல் கல்லூரியில் பயின்றவர். குறுந்தூர ஓட்டத்தில் ஆசியாவின் மிக வேகமானவர் என்று அக்காலத்தில் பேசப்பட்டவர். உடற்பருமனில் பின்தங்கிய நாடு விரைவினால் ஈடு செய்ய முயன்றதற்கு அவரே சான்று.

இனி, ஆட்டத்தின் வேர் எங்கே இருக்கிறது என்பதைப் பார்ப்போம். அது கழகங்களில் இல்லை, பள்ளிகளில் இருக்கிறது. 1891-இல் கண்டியில் கிங்ஸ்வூட் கல்லூரியை நிறுவிய எல். ஈ. பிளேஸ், தம் மாணவருக்கு இதைப் பழக்கினார். 1906-இல் கிங்ஸ்வூட்டும் திரித்துவக் கல்லூரியும் மோதியதே இந்நாட்டில் பள்ளிகளுக்கிடையே நடந்த முதல் ஆட்டம். அது வெற்றி தோல்வியின்றி முடிந்தது. 1920-இல் கொழும்பு றோயல் கல்லூரியும் திரித்துவக் கல்லூரியும் சந்திக்கத் தொடங்கின. 1945 முதல் அப்போட்டி பிராட்பி கேடயத்துக்காக நடைபெறுகிறது. ஓர் ஆட்டம் கொழும்பில், மற்றொன்று கண்டியில். இரண்டின் புள்ளிகளையும் கூட்டி வெற்றியாளரைத் தீர்மானிப்பார்கள். தேசிய அணியின் ஆட்டத்துக்கும் திரளாத கூட்டம் அப்பள்ளிச் சிறுவர் ஆட்டத்துக்குத் திரள்வதுண்டு.

அணியின் பலமும் பலவீனமும் இங்கேயே ஒருங்கு தோன்றுகின்றன. பத்து வயதில் பந்தைத் தொட்ட சிறுவன் பத்தொன்பதில் தேர்ந்த ஆட்டக்காரனாகிறான். அதன்பின் பிழைப்பு அழைக்கிறது. பலர் ஆட்டத்தை விட்டுவிடுகின்றனர். வேறு சிலருக்குப் பொலிசும் முப்படைகளும் தொழிலும் ஆடுகளமும் ஒருங்கே தருகின்றன. கடற்படை அணி இந்நாட்டின் முன்னணி அணிகளுள் ஒன்று. அப்படையின் பெருந்தளமோ திருகோணமலை. பிரித்தானியர் 1957-இல் கையளித்துச் சென்ற துறைமுகம். அங்கிருந்து கந்தளாய் சிறிது தூரமே. ஆயினும் படையில் சேர்வதற்கு முன்னரே ஆட்டம் பழகியிருக்க வேண்டும். அதற்குப் பள்ளி வேண்டும். பள்ளிக்குப் பயிற்றுநரும் புல் மூடிய திடலும் வேண்டும். வெயிலில் இறுகிய தரையில் ஒருவரை வீழ்த்திப் பழகினால் எலும்பு முறியும். துடுப்பாட்டம் வறண்ட வயலிலும் நடக்கும், றக்பி நடவாது.

இக்குறுகிய வேரிலிருந்தே அணி தலைநிமிர்ந்ததும் உண்டு. 1974-இல் ஆசியப் போட்டி கொழும்பில் நடைபெற்றபோது இலங்கை இறுதி ஆட்டம் வரை சென்று யப்பானிடம் தோற்றது. அண்மைக் காலத்தில் வந்த இடர் களத்துக்கு வெளியிலிருந்து வந்தது. சங்கத்தின் நிர்வாகத்தில் அரசு தலையிட்டதாகக் கூறி, உலக றக்பி அமைப்பு 2023-இல் இலங்கைச் சங்கத்தை இடைநிறுத்தியது. நிர்வாகிகளின் பிணக்குக்கு விலை கொடுத்தோர் ஆட்டக்காரரே. ஆட்டக்காரனின் வயது பிணக்குத் தீரும் வரை காத்திராது. அடுத்த ஆண்டு அணி மீண்டும் களமிறங்கி, கொழும்பில் நடைபெற்ற ஆசிய இரண்டாம் நிலைப் போட்டியில் வென்று, 2025-இல் மேல்நிலைக்கு ஏறியது. அவ்வாண்டு அம்மேல்நிலைப் போட்டியில் முதலிடம் பெற்று 2027 உலகக் கிண்ணத்துக்குச் செல்லும் உரிமையை வென்றது ஹொங்கொங். நிலப்பரப்பில் அது இலங்கையைவிட மிகச் சிறியது. இலங்கை உலகக் கிண்ணத்தில் இதுவரை ஆடியதில்லை.

இதே ஆட்டத்துக்கு எழுவர் ஆடும் சிறு வடிவம் ஒன்றும் உண்டு. 1883-இல் ஸ்கொட்லாந்தின் மெல்றோஸ் என்னும் சிற்றூரில், கழகத்துக்குப் பணம் திரட்டும் பொருட்டு அதைத் தொடங்கினர். பாதி ஆட்டத்துக்கு ஏழு நிமிடம். எண்மர் தோள் பொருத்தும் ஸ்க்ரம்முக்குப் பதில் மூவர் மட்டும். எடையைவிட ஓட்டமே அதில் மிகுதியாகப் பேசுகிறது. பதினைவரைத் திரட்ட இயலாத கந்தளாய் போன்ற ஊர்ப் பள்ளியும் எழுவரைத் திரட்டலாம். பொதுநலவாய விளையாட்டு விழாவில், 1998-இல் கோலாலம்பூரிலும் 2022-இல் பர்மிங்காமிலும், இலங்கை ஆடியது அவ்வெழுவர் ஆட்டமே.