உளிக்குக் கல் உண்டு, அடுப்படிக் கத்திக்கு?

சுங்கை பாக்காப் வட்டாரத் தோட்டங்களில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு ஒரு சத்தம் மறந்திருக்காது. பொழுது சாய்கிற நேரம். லயத்து வாசற்படியில் அப்பா குந்திக்கொண்டு, சின்னக் கல்லில் தண்ணீர் தெளித்து, பால்மரம் சீவுகிற உளியைத் தீட்டுவார். சர்ர்... சர்ர்... என்று அரை மணி நேரம் கேட்கும். நடுவில் நிறுத்தி, விளக்குக்கு நேராகப் பிடித்து ஒரு கண்ணை மூடிப் பார்ப்பார். திருப்தி இல்லையென்றால் மறுபடியும் கல்லுக்குப் போவார். பிள்ளைகள் யாரும் அந்த உளியைத் தொட்டுவிடக் கூடாது. தொட்டால் முதுகு பழுத்துவிடும்!

அதே நேரத்தில் அடுப்படியிலிருந்து இன்னொரு சத்தம் வரும். அம்மா மொட்டைக் கத்தியை வைத்துக்கொண்டு பூசணிக்காயோடு மல்லுக்கட்டுகிற சத்தம். கத்தி இறங்காது. கத்தியின் முதுகில் குழவிக்கல்லால் ஒரு போடு போட்டுத்தான் பூசணியைப் பிளப்பார். “என்னங்க, இந்தக் கத்தியையும் கொஞ்சம் தீட்டிக் குடுங்களேன்” என்று அம்மா கேட்டதும் நமக்கு நினைவிருக்கிறது. “நாளைக்குப் பார்க்கலாம்” என்று அப்பா சொன்னதும் நினைவிருக்கிறது. அந்த நாளை வரவே இல்லை.

ஒரு நாள் கத்தி பூசணியின் தோலில் வழுக்கி, அம்மாவின் இடது கை ஆள்காட்டி விரலில் இறங்கியது. அம்மாவும் மரம் சீவுகிறவர்தான். உளி பிடிக்க இரண்டு கையும் வேண்டும். விரல் ஆறிப் பழையபடி மடங்க இரண்டு வாரத்துக்கு மேல் ஆனது. நாள் சம்பளக் குடும்பத்தில் இரண்டு வாரம் ஒரு ஆள் வேலைக்குப் போகாவிட்டால் கடைக்காரர் கணக்குப் புத்தகத்தில் எத்தனை பக்கம் கூடும் என்பதைத் தோட்டத்து வாசகர்களுக்கு நாம் சொல்ல வேண்டியதில்லை.

மரத்தில் காயம் பட்டால் கங்காணி ஏசுவார், நிரை மாறிப் போகும். அதனால் உளி கூராக இருந்தது. கத்தி மழுங்கியிருந்ததற்கு யாரும் யாரையும் ஏசவில்லை. சம்பளம் கொண்டுவருகிற ஆயுதத்துக்கு ஒரு நியாயம், சோறு ஆக்குகிற ஆயுதத்துக்கு இன்னொரு நியாயம். ஆயுத பூஜைக்கு உளிக்கும் லாரிக்கும் சந்தனப் பொட்டு வைத்த நாம், எத்தனை பேர் அடுப்படிக் கத்திக்கு வைத்தோம்?

இத்தனைக்கும் கூரோடு பழகிய ஜனங்கள் நாம். 19-ஆம் நூற்றாண்டில் இந்தத் தென் செபராங் பிறை முழுவதும் கரும்புக் காடாக இருந்தது. தமிழ்நாட்டிலிருந்து கப்பலேறி வந்த ஒப்பந்தக் கூலிகள் கையில் அப்போது கரும்பு வெட்டும் கத்தி. 1910-இல் அந்த ஒப்பந்த முறை நிறுத்தப்பட்டது. அதையொட்டிய ஆண்டுகளில் கரும்பு போய் ரப்பர் வந்தது. கத்தி போய் உளி வந்தது. ரப்பர் போய்ச் செம்பனை வந்தபோது, நீளக் கம்பின் நுனியில் கட்டிய அரிவாள் வந்தது. இப்போது செம்பனையும் பல இடங்களில் வீடமைப்புக்கும் தொழிற்பேட்டைக்கும் வழிவிட்டாயிற்று. 2014-இல் திறந்த இரண்டாவது பாலம் பத்து காவானில் வந்து இறங்குகிறது. அந்தப் பத்து காவானும் ஒரு காலத்துத் தோட்டம்தான். லயத்தில் இருந்த குடும்பங்களில் பாதி தாமான் வீட்டிலும் அடுக்குமாடியிலும் இருக்கின்றன. ஆனால் காய் நறுக்குகிற வேலை எங்கே போனாலும் கூடவே வருகிறது.

கூர் என்றால் என்ன என்பதை ரப்பர் மரத்தைவிட நன்றாகச் சொல்லித்தந்த வாத்தியார் இல்லை. 1890-களில் சிங்கப்பூர் தாவரத் தோட்டத்தில் ரிட்லி என்ற வெள்ளைக்காரர், மரத்தைக் கொத்திக் குதறாமல், பட்டையை மெல்லிசாகச் சீவி, அதே வெட்டை மறுபடி மறுபடி திறந்து பால் எடுக்கலாம் என்று காட்டினார். சீவுகிற பட்டை ஒன்றிரண்டு மில்லிமீட்டர் கனத்துக்கு மேல் போகக் கூடாது. உள்ளே மரத்தின் உயிர்த் தோலைத் தொடவும் கூடாது. மழுங்கிய உளியால் இது ஆகாது. மழுங்கினால் அழுத்த வேண்டி வரும், அழுத்தினால் கை நம் பேச்சைக் கேட்காது. கத்தியிலும் இதே கதைதான். கூரான கத்தி வெங்காயத்தின் மேல் வைத்த இடத்தில் இறங்கும். மொட்டைக் கத்தி வழுக்கும். நாம் கொடுத்த பலம் முழுவதும் அந்த நேரத்தில் விரலைத் தேடி வருகிறது. “கூராக இருந்தால் கையை வெட்டிடும், அப்படியே இருக்கட்டும்” என்று சொல்கிற தாய்மார்கள் தயவுசெய்து இதை யோசித்துப் பார்க்க வேண்டும்.

உங்கள் கத்தி எப்படி இருக்கிறது என்று பார்க்கக் கட்டை விரலைக் கொடுக்காதீர்கள். விளக்கு வெளிச்சத்தில் வாய்ப்பக்கத்தை மேலே திருப்பிப் பாருங்கள். கூரான வாயில் ஒன்றும் தெரியாது. மழுங்கிய இடத்தில் மட்டும் வெள்ளைக் கோடு மினுங்கும். அல்லது ஒரு தக்காளியை எடுத்து, அழுத்தாமல் கத்தியை அதன் மேல் இழுங்கள். தோல் விட்டால் நல்லது. தக்காளி நசுங்கினால் கல்லைத் தேடவேண்டியதுதான்.

எந்தக் கல்? பலரும் வாசற்படிச் சிமெண்டில் உரசுகிறார்கள், இல்லையென்றால் அம்மியின் ஓரத்தில். அதிலும் இரும்பு தேயத்தான் செய்கிறது. அதனால்தான் ஏதோ கூர் வந்த மாதிரி இருக்கிறது. ஆனால் சிமெண்டில் மணல் ஒன்று பெரிசு, ஒன்று சிறிசு. கத்தியின் வாய் ரம்பப் பல் மாதிரி பிய்ந்து நிற்கும். இரண்டு நாளில் பழைய நிலைக்கு வந்துவிடும். சுங்கை பாக்காப்பிலோ நிபோங் திபாலிலோ ஹார்ட்வேர் கடையில் ‘பத்து ஆசா’ என்று கேட்டால் இரண்டு பக்கக் கல் எடுத்துத் தருவார்கள். ஒரு பக்கம் சொரசொரப்பு, மறுபக்கம் நெய்ப்பு. பெரும்பாலும் அது கார்பொரண்டம். 1891-இல் அமெரிக்காவில் மின் உலையில் கண்டுபிடித்த பொருள், இரும்பைவிடக் கடினம். கல்லில் எண் போட்டிருந்தால், எண் கூடக் கூட நெய்ப்பு என்று கணக்கு. 400-ம் 1000-ம் உள்ள கல் வீட்டுக்குப் போதும். அதிக விலை கொடுத்து வாங்க வேண்டிய அவசியமே இல்லை.

கல்லைத் தண்ணீரில் போட்டு, குமிழி வருவது நிற்கிற வரைக்கும் ஊறவிடுங்கள். ஈரத் துணியை நாலாக மடித்து மேசையில் போட்டு அதன் மேல் கல்லை வையுங்கள், நகராது. இனிதான் முக்கியம். கத்தியைக் கல்லின் மேல் படுக்கவும் வைக்கக் கூடாது, நிமிர்த்தவும் கூடாது. எவ்வளவு சாய்க்க வேண்டும் என்பதற்கு ஒரு தாள் போதும். தாளின் மூலை 90 பாகை. அதை நேர் பாதியாக மடித்தால் 45. இன்னும் ஒரு மடி மடித்தால் இருபத்திரண்டரை. அந்தச் சாய்வைக் கண்ணில் நிறுத்திக்கொண்டு அதற்குக் கொஞ்சம் கீழே, 15-க்கும் 20-க்கும் நடுவில், கத்தியைப் பிடியுங்கள். ஏறக்குறைய இரண்டு விரற்கடை அகலக் கத்திக்கு, முதுகு கல்லைவிட்டு ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் தூக்கி நிற்கும். கோழி எலும்பு வெட்டுகிற தடித்த கத்தி என்றால் இன்னும் தூக்கலாம். மெல்லிய வாய் எலும்பில் பட்டால் உடைந்து போகும்.

இந்தச் சாய்வு கடைசிவரை மாறக் கூடாது. அதுதான் முழு வித்தையும். ஆரம்பத்தில் கை ஆடும், வெட்கப்பட வேண்டாம். பள்ளிக்கூடப் பிள்ளையின் மார்க்கர் பேனாவை வாங்கி, கத்தியின் வாயோரம் இரண்டு பக்கமும் கோடு போட்டுவிட்டுத் தீட்டுங்கள். மை நுனியில் மட்டும் அழிந்தால் அதிகமாகத் தூக்கிவிட்டீர்கள். மேலே அழிந்து நுனியில் அப்படியே இருந்தால் போதாது. முழுக்க அழிந்தால் சரி.

முதலில் சொரசொரப்புப் பக்கம். பிடியிலிருந்து முனை வரைக்கும் கல் பட வேண்டும். அழுத்தித் தேய்க்க வேண்டாம், கல்லே வேலை செய்யும். தேய்க்கும்போது வருகிற கறுப்புச் சேற்றைக் கழுவிக் கழுவி ஊற்றாதீர்கள்; தீட்டுகிற வேலையில் அதற்கும் பங்கு உண்டு. ஒரு பக்கமே தேய்த்துக்கொண்டு வந்தால், மறுபக்கத்து வாயில் பிசிறு மாதிரி ஒரு சொரசொரப்பு எழும்பும். முதுகிலிருந்து வாயைத் தாண்டி வெளியே போகிற மாதிரி விரலை மெல்ல இழுத்தால் அது தட்டுப்படும். வாயின் நீளத்துக்கு விரல் ஓட்டிப் பார்க்காதீர்கள்! பிசிறு முழு நீளத்துக்கும் வந்தால்தான் அந்தப் பக்கம் முடிந்தது. நம் வீட்டுக் கத்திகள் தீட்டியும் கூராகாமல் போவதற்குப் பெரும்பாலான காரணம், பிசிறு வருமுன்னே பொறுமை போய்விடுவதுதான். பிறகு மறுபக்கம் அதே மாதிரி. அப்புறம் நெய்ப்புப் பக்கத்தில் இரண்டு பக்கமும் லேசாக. கடைசியில், பழைய தோல் பெல்ட்டின் உள்பக்கத்தில் கத்தியைப் பின்னோக்கிப் பத்துத் தரம் இழுத்தால் மிச்சப் பிசிறும் போய்விடும். பெல்ட் இல்லையென்றால், பழைய செய்தித்தாளை மேசை மேல் கனமாக மடித்துப் போட்டு அதன் மேல் இழுங்கள். (இந்தப் பத்திரிகையை முழுவதும் படித்த பிறகு!)

கல் வாங்கப் போகிறவரைக்கும் காத்திருக்க முடியாதா? பீங்கான் கோப்பையையோ கிண்ணத்தையோ கவிழ்த்துப் பாருங்கள். அடியில் மினுமினுப்புப் பூச்சு இல்லாத ஒரு வளையம் சொரசொரப்பாக இருக்கும். அதில் தண்ணீர் தொட்டு, இரண்டு பக்கமும் மாற்றி மாற்றி ஆறேழு தரம் இழுத்தால் அன்றைய சமையலுக்குத் தாங்கும். முழுக்க மழுங்கிய கத்தியை இது எழுப்பாது.

அரிவாள்மனை வைத்திருக்கும் பாட்டிமார் இன்னும் இருக்கிறார்கள். அதன் வாய் உள்ளே வளைந்தது; தட்டைக் கல் ஒத்துவராது. அப்பா விட்டுப்போன உளிக்கல் வீட்டில் எங்காவது கிடந்தால் எடுத்து வாருங்கள். உளியின் வளைவுக்குள் நுழைகிற அந்த மெல்லிய கல்தான் அரிவாள்மனைக்கும் சரி. மனையைக் காலால் நன்றாக மிதித்துக்கொண்டு, கல்லைக் கையில் பிடித்து வாயோரமாக ஓட்ட வேண்டும். இதைப் பிள்ளைகளிடம் விடக் கூடாது. பல் வைத்த ரொட்டிக் கத்தியைக் கல்லில் வைக்கவே வேண்டாம், பல் போய்விடும்.

ஒர்க்‌ஷாப்பில் மோட்டார் சாணை இருக்கிறதே, இரண்டு நிமிடத்தில் முடித்துவிடலாமே என்று சில இளைஞர்கள் கத்தியை எடுத்துப் போகிறார்கள். தீப்பொறி பறப்பதைப் பார்க்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் தண்ணீர் இல்லாமல் வேகமாகச் சுற்றுகிற சாணையில் மெல்லிய வாய் நொடியில் சூடேறி நீலம் பாய்ந்துவிடும். நீலம் பாய்ந்த இடத்தில் இரும்பின் உரம் போய்விட்டது என்று அர்த்தம். அந்த இடம் எத்தனை தரம் தீட்டினாலும் சீக்கிரமே மழுங்கும்.

தீட்டிய கூரைக் காப்பாற்றுவதும் ஒரு வேலை. எவர்சில்வர் தட்டிலோ கல் மேடையிலோ வைத்து நறுக்கினால் இவ்வளவு பாடும் ஒரு வேளைச் சமையலில் போய்விடும். மரப்பலகை வேண்டும். நறுக்கிய காயைப் பலகையிலிருந்து தள்ளும்போது கத்தியின் வாயால் வழிக்காமல் முதுகால் வழியுங்கள். கரண்டிகளோடு சேர்த்துத் தொட்டியில் போடாதீர்கள். நுரைக்குள் கிடக்கிற கத்தி கழுவுகிறவரின் கையைப் பதம் பார்க்கும். பழைய இரும்புக் கத்தி புளியும் எலுமிச்சையும் பட்டால் கறுக்கும், துருப்பிடிக்கும். கழுவியதும் துடைத்து ஒரு சொட்டுத் தேங்காய் எண்ணெய் தடவினால் போதும். பாசாரில் எல்லாரும் வாங்குகிற மெல்லிய கிவி கத்தி துருவுக்கு அஞ்சாது. சீக்கிரம் மழுங்கும், அதேபோல் சீக்கிரம் தீட்டவும் வரும்.

கூரான கத்திக்குக் கை பழகும்வரை கொஞ்சம் நிதானம் வேண்டும். வீட்டில் எல்லாரிடமும் “கத்தி தீட்டியிருக்கு” என்று சொல்லிவிடுங்கள். கத்தி கைநழுவி விழுந்தால் பிடிக்கப் பாயாமல் காலைப் பின்னுக்கு இழுங்கள்.

அப்படியும் வெட்டிக்கொண்டால் காப்பித்தூள், மஞ்சள்தூள், சுண்ணாம்பு எதையும் அப்ப வேண்டாம். அம்மாவின் விரலுக்கு அன்றைக்கு லயமே கூடிக் காப்பித்தூளை அப்பியது. டிரசர் அதைக் கழுவி எடுக்கத்தான் அதிகப் பாடுபட்டார். ஓடுகிற தண்ணீரில் கழுவி, சுத்தமான துணியை வைத்து அழுத்திப் பிடித்து, கையை நெஞ்சுக்கு மேலே தூக்கி வைத்திருங்கள். பத்து நிமிடம் அழுத்தியும் ரத்தம் நிற்காவிட்டாலும், விரல் மடங்காவிட்டாலும், நுனி மரத்துப் போனாலும் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். உள்ளே நரம்போ தசைநாரோ அறுந்திருக்கலாம். கடைசியாக இழுப்பு நோய்க்கு எப்போது ஊசி போட்டீர்கள் என்றும் மறக்காமல் சொல்லுங்கள்.

இன்னொன்று, இது பல தோட்டத்து வீடுகளுக்கு இன்னும் எட்டவில்லை என்று தோன்றுகிறது. வேலையில் அடிபட்டால் சொக்சோ என்று நாம் சொல்கிற பெர்கேசோ இருக்கிறது. அடுப்படியில் அடிபட்டால்? அம்மா காலத்தில் ஒன்றும் இல்லை. 2022 டிசம்பர் முதல் இல்லத்தரசிகளுக்கென்று தனிச் சமூகப் பாதுகாப்புத் திட்டம் பெர்கேசோவிலேயே நடப்புக்கு வந்தது. 55 வயதுக்குள் இருக்கும் பெண்கள் சேரலாம். தொடங்கியபோது சந்தா ஆண்டுக்கு 120 வெள்ளி, அதாவது மாதம் பத்து வெள்ளிக் கணக்கு. வீட்டு வேலை செய்யும்போது ஏற்படுகிற விபத்துக்குச் சிகிச்சையும் உதவித்தொகையும் அதில் உண்டு. அடுப்படி வேலையும் வேலைதான் என்று சட்டமே ஒத்துக்கொண்டிருக்கிறது. ஏழைக் குடும்பப் பட்டியலில் உள்ளவர்கள் சந்தா உதவி உண்டா என்பதையும் பெர்கேசோ அலுவலகத்தில் கேட்டுப் பார்க்கலாம்.

அப்பாவின் உளிக்கல் இப்போது நம்மிடம்தான் இருக்கிறது. நடுவில் குழிந்து தோணி மாதிரி ஆகிவிட்டது. உங்கள் வீட்டிலும் இப்படிக் குழிந்த கல் இருந்தால் எறிந்துவிடாதீர்கள். சமமான சிமெண்டுத் தரையில் மணலும் தண்ணீரும் போட்டு வட்டமாகத் தேய்த்தால் மறுபடி தட்டையாகும். நாம் அதைத் தேய்க்கத் தொடங்கி மூன்று ஞாயிற்றுக்கிழமை ஆகிறது, இன்னும் கொஞ்சம் குழி பாக்கி. உங்கள் தோட்டத்தில் உளிக்கும் கத்திக்கும் வேறு ஏதாவது கைமுறை இருந்தால் எழுதி அனுப்புங்கள், இந்தப் பகுதியில் போடுகிறோம்.