பட்டாளத்துத் தாத்தாவின் பெயர்

வத்தல்மலைச் சாலையில் விடியற்காலை ஓடுகிற பையன்களுக்கு நான்தான் கடிகாரம். அடிவாரத்தில் வீடு. மெட்ராஸ் ரெஜிமெண்டில் பதினேழு வருஷம் இருந்து ஹவில்தாராக வெளியே வந்தவன். மூட்டு தேய்ந்துவிட்டதால் இப்போது ஓட முடியவில்லை. விசில் ஊத முடிகிறது. மேலே சாமையும் ராகியும் காப்பியும் விளைகிற ஊர்களிலிருந்து நாலைந்து பேர் இறங்கி வருவார்கள். அக்னிவீர் ஆள்சேர்ப்பில் 1.6 கிலோமீட்டரை ஐந்தரை நிமிஷத்துக்குள் முடித்தால்தான் முழு மதிப்பெண். கொண்டை ஊசி வளைவில் ஏறிப் பழகிய கால்களுக்கு மைதானம் ஒரு பொருட்டே இல்லை.

போன மாசம் ஒருவன் மூச்சு வாங்கிக்கொண்டே கேட்டான்: "ஐயா, சண்டையில செத்துட்டா பேரு எங்கங்க எழுதுவாங்க?"

பக்கத்தில் நின்றவன் அவன் மண்டையில் ஒன்று போட்டான். "இன்னும் சேரவே இல்ல, அதுக்குள்ள கல்லு கேக்குது பாரு!"

எனக்குச் சிரிப்பு வரவில்லை. எங்கள் வீட்டிலேயே அந்தக் கேள்வி நூறு வருஷமாக அப்படியே கிடக்கிறது.

என் தாத்தாவின் அண்ணன் முதல் உலகப்போரில் பஸ்ராவுக்குக் கப்பலேறிப் போனவர். திரும்பவில்லை. தை அமாவாசைக்குப் பாட்டி அவருக்கென்று தனியாக ஓர் இலை போடுவாள். "பட்டாளத்தாருக்கு" என்பாள், அவ்வளவுதான். புருஷனுக்கு மூத்தவர் பெயரை வாயால் சொல்வது அவளுக்குப் பழக்கமில்லை. அப்பாவுக்கு அவர் பெரியப்பா, எங்களுக்குப் பட்டாளத்துத் தாத்தா. தாத்தாவிடம் கேட்கிற புத்தி எனக்கு வருவதற்குள் அவரும் போய்விட்டார். மரியாதை காட்டிக் காட்டியே ஒரு பெயரைத் தொலைத்த குடும்பம் நாங்கள்.

சரி, சர்க்கார் எழுதி வைத்திருக்காதா? வேலூர் லாங் பஜார் மணிக்கூண்டில் ஒரு கல் இருக்கிறது. 1914 முதல் 1919 வரை நடந்த போருக்கு வேலூரிலிருந்து போனவர்கள் 277 பேர், உயிர்விட்டவர்கள் 14 பேர் என்று அதில் வெட்டியிருக்கிறார்கள். யார் அந்தப் பதினாலு பேர் என்று கல் சொல்லாது. இந்தியாவில் வேறு பல ஊர்களிலும் வெள்ளைக்காரன் இதே மாதிரிதான் பதித்தான்: இத்தனை போனது, இத்தனை செத்தது. சந்தைக்குப் போன ஆட்டுக்கணக்கு மாதிரி.

பஸ்ரா நினைவுச் சின்னம் இதைவிட மோசம். மெசபடோமியாவில், அதாவது இன்றைய ஈராக்கில் இறந்து, கல்லறை தெரியாமல் போன நாற்பதாயிரத்துக்கும் மேற்பட்டவர்களுக்காகக் கட்டியது. பிரிட்டிஷ் சிப்பாய்க்கும் இந்திய அதிகாரிக்கும் சுவரில் பெயர் இருந்தது. சாதாரண இந்திய சிப்பாய்களுக்கு, இன்ன படைப்பிரிவில் இத்தனை பேர் என்ற எண்ணிக்கை மட்டும். மெட்ராஸ் சாப்பர்கள் என்ற நம் பக்கத்துப் பொறியாளர் படையும் அங்கே போனதுதான். காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையம் 2021-இல் அறிக்கை வெளியிட்டு, இந்த வேற்றுமைக்கு மன்னிப்புக் கேட்டது. அந்தச் செய்தியைப் படித்த அன்று பாட்டி நினைவுதான் வந்தது. இலை போடவாவது அவள் ஒருத்தி இருந்தாள்.

இதையெல்லாம் பையன்களிடம் சொல்லிப் புரியவைக்க எனக்கு வாய் போதாது. பஸ் ஏற்றித் தருமபுரி அகழ்வைப்பகத்துக்கே கூட்டிப்போனேன். அங்கே வரிசையாக நடுகற்கள். வில் பிடித்தவன், வாள் ஓங்கியவன், உடம்பில் அம்பு தைத்தவன். "இது நம்ம வேடியப்பனுங்கய்யா!" என்றான் ஒருவன். தப்பில்லை, நம் பக்கத்தில் இந்தக் கற்களை வேடியப்பன் என்றுதான் கும்பிடுகிறார்கள்.

இந்த வட்டாரத்துப் பழைய நடுகற்கள் வட்டெழுத்தில் பேசுகிறவை. எந்த அரசன் ஆண்ட எத்தனையாவது ஆண்டு, செத்தவன் யாருடைய சேவகன், அவன் பெயர் என்ன, எந்தத் தொறுவுக்காகப் பட்டான். தொறு என்றால் மாட்டு மந்தை. நாலு மாட்டை மீட்கப் போய்ச் செத்த சேவகனுக்கும் முழு விலாசம் உண்டு. திருவண்ணாமலை மாவட்டத்து எடுத்தனூரில் மகேந்திரவர்ம பல்லவன் காலத்துக் கல் ஒன்று. அதில் கருந்தேவக்கத்தி என்ற வீரனோடு அவன் நாயும் நிற்கிறது. அதன் பெயர் கோவிவன் என்றும், இரண்டு கள்ளரைக் கடித்துக் காவல் நின்றது என்றும் வெட்டியிருக்கிறார்கள். ஏழாம் நூற்றாண்டு நாய்க்குப் பெயர் இருக்கிறது. இருபதாம் நூற்றாண்டுச் சிப்பாய்க்கு இல்லை. இதைச் சொன்னதும் மண்டையில் போட்டவன்கூட வாயை மூடிக்கொண்டான்.

இப்போது நிலைமை மாறியிருக்கிறது, அதையும் சொல்ல வேண்டும். டில்லியில் 2019 பிப்ரவரி 25-ஆம் தேதி திறந்த தேசியப் போர் நினைவுச் சின்னத்தில், சுதந்திரத்துக்குப் பிறகு இறந்தவர்கள் ஒவ்வொருவருக்கும் ஒரு கருங்கல் பலகை. திறந்தபோது இருபத்தைந்தாயிரத்துக்கும் மேல் பெயர்கள். அறுபத்திரண்டு சீனச் சண்டை, எழுபத்தொன்று, இலங்கை, கார்கில் எல்லாம் அடுத்தடுத்து நிற்கும். 2020 ஜூனில் கல்வானில் இறந்த ஹவில்தார் பழனி, ராமநாதபுரம் மாவட்டம் கடுக்கலூர்க்காரர். அவர் பெயரும் அங்கே ஏறிவிட்டது. ஜெனரலுக்கும் சிப்பாய்க்கும் ஒரே அளவு கல் என்பதுதான் எனக்கு அதில் பிடித்தது.

திரும்பி வரும் பஸ்ஸில் கேள்வி கேட்டவன் ஜன்னலோரம் உட்கார்ந்து பையிலிருந்து காகிதங்களை எடுத்தான். ஆள்சேர்ப்புக்கு வேண்டிய சான்றிதழ்கள். டிசியில் அவன் அப்பா பெயர் ஒரு மாதிரி, ஆதாரில் வேறு மாதிரி. ஒன்றில் இனிஷியலே இல்லை.

"இது ஓடறதுக்கு என்னங்கய்யா? மார்ல நம்பர்தான ஒட்டுவாங்க?" என்றான்.

"நம்பர் ஓடி முடிக்கிற வரைக்கும்தான்டா. திங்கக்கிழமை உங்கப்பாவைக் கூட்டிக்கிட்டு வா, தாலுகா ஆபீஸ் போகலாம்" என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை ராத்திரியே போன் பண்ணினான். "ஐயா, அப்பா பேருக்கு மூணு சுழி ண-வா, ரெண்டு சுழி ன-வான்னு அவருக்கே தெரியலீங்க. பாட்டியைக் கேட்டுச் சொல்றேன்."